வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்: எங்கள் மண்டல அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

சென்னை மாநகராட்சி மண்டல அதிகாரி அவர்களுக்கு,

வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கும் சிக்னலுக்கும் நடுவில் ஒரு கடையும் இருக்கக் கூடாது என்று போன வாரம் உங்கள் ஊழியர் ஒருவர் பைக்கில் வந்து, இன்ஜினை அணைக்காமல், ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். அங்கே பதினோரு கடை. பதினோரு பேருக்கும் அப்படியே, கொஞ்சம் கொஞ்சமாக வண்டியை நகர்த்திக்கொண்டே. யார் போட்ட உத்தரவு, என்ன தேதி, நாங்கள் எங்கே போவது, எதற்கும் பதில் இல்லை. "எழுதி ஏதாவது குடுங்க சார்" என்று என் அம்மா கேட்டார். "உனக்கெல்லாம் எழுதி வேற குடுக்கணுமா?" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல்.

ஆமாம் ஐயா, எழுதித்தான் கொடுக்க வேண்டும். 2014-ல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் 18-வது பிரிவு, ஒருவரை இடத்தை விட்டு எழுப்புவதற்கு முன்னால் 30 நாள் நோட்டீஸ் தரச் சொல்கிறது. பைக்கில் வந்து சொல்லிவிட்டுப் போனால் அது நோட்டீஸ் ஆகாது. நான் வக்கீல் இல்லை. ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒன்பது வருடமாக டைப் அடிக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று எங்கள் பக்கத்து ஆட்களின் மனுக்கள் பாதி என் கை வழியாகத்தான் போகின்றன. ஒரு காகிதத்தில் முத்திரை இருந்தால் ஒரு மனிதர் அலுவலகத்தில் எப்படி நிற்கிறார், இல்லாவிட்டால் எப்படி நிற்கிறார் என்பதை நாள் முழுக்கப் பார்க்கிறவள் நான். எங்கள் விஷயத்தில் மட்டும் எல்லாமே வாய்ப்பேச்சாக நடக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தெருவின் பெயரை இங்கே போடவில்லை. உங்களுக்கு எந்தத் தெரு என்று தெரியும். பெயரைப் போட்டால் கடைச் சரக்கைத் தூக்கிப்போகிற உங்கள் லாரி நாளைக்கே வந்து நிற்கும் என்று மற்ற கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்.

அம்மா அந்த இடத்தில் 2006-லிருந்து பழ வண்டி போடுகிறார். ராத்திரி இரண்டரைக்கு எழுந்து, பக்கத்துத் தெருப் பெண்கள் நாலு பேரோடு சேர்ந்து ஒரு குட்டியானை வேன் பிடித்துக் கோயம்பேடு மார்க்கெட் போய், விடிவதற்குள் சரக்கோடு திரும்பி, ஏழு மணிக்கு வண்டியில் பழம் அடுக்கியிருக்க வேண்டும். கொய்யா அடுக்குவதே தனி வேலை. செங்காய் அடியில், கனிந்தது மேலே, ஒன்றோடொன்று நசுங்காமல் வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழத்தை நாலாகக் கீறி மிளகாய்த்தூள் உப்பு தடவி மலர்த்தி வைப்பார். ஸ்கூல் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் நிற்பார்கள். கையில் முதல் இல்லாத நாளில் தண்டல்காரரிடம் போக வேண்டும். காலையில் 900 ரூபாய் கொடுப்பார், இருட்டுவதற்குள் 1,000 ரூபாயாகத் திருப்ப வேண்டும். அப்படிப்பட்ட நாளில் மழை வந்தாலும் சரி, லாரி வந்தாலும் சரி, அந்த 1,000 ரூபாய் குறையாது.

இரண்டு மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. பதினோரு மணி இருக்கும். முன்னால் இருந்த செருப்புக்கடை அண்ணன் சாக்கோடு சுருட்டிக்கொண்டு சந்துக்குள் ஓடிவிட்டார், பழ வண்டியோடு ஓட முடியாது. இரண்டு டப் கொய்யா, பதினைந்து பப்பாளி, ஒரு தார் பூவன், நிழலுக்கு நட்டிருந்த பெரிய குடை, எலக்ட்ரானிக் தராசு. தராசைத் தூக்கும்போது மேலே இருந்த ஸ்டீல் தட்டு கழன்று ரோட்டில் உருண்டு ஓடியது, அம்மா பஸ்ஸுக்கு முன்னால் ஓடி அதைப் பிடித்தார். அந்தத் தட்டு இன்றைக்கும் எங்கள் வீட்டில் அரிசி டப்பா மேல் இருக்கிறது. தராசு உங்கள் கோடவுனில் இருக்கிறது.

அன்று மத்தியானமே கடையில் லீவு சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோடவுனுக்குப் போனேன். அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன சாமான்? லிஸ்ட் இருக்கா?" என்பது. ஐயா, அந்த லிஸ்ட்டைக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். சட்டத்தின் 19-வது பிரிவு, பொருளை எடுக்கிற அதிகாரி அங்கேயே பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு வியாபாரியிடம் தர வேண்டும் என்கிறது. அழுகிற பொருளைக் கேட்ட அன்றைக்கே, அழுகாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள் விட்டுவிட வேண்டும், அதற்குள்ள கட்டணத்தை வாங்கிக்கொண்டு. கட்டணம் கட்ட நாங்கள் பணத்தோடுதான் போயிருந்தோம். சார் இல்லை, நாளைக்கு வா என்றார்கள். நாளைக்குப் போனோம். மூன்றாவது நாள் போனபோது எங்கள் கொய்யா எது என்று மூக்கு சொன்னது. தராசு மட்டும் கண்ணில் படவே இல்லை, யாரோ எங்கேயோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றார்கள். சரக்கு 3,400, தராசு 2,800, குடை 1,200, மொத்தம் 7,400 ரூபாய். விற்பனைச் சான்றிதழின் நிபந்தனையை மீறி வியாபாரம் செய்தால்கூட இந்தச் சட்டப்படி அபராதம் 2,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது. என் அம்மா எந்த நிபந்தனையை மீறினார் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தத் தராசுக்குக் காகிதம் இருக்கிறது. வருடா வருடம் முத்திரை போட வேண்டும் என்பதால் அம்மா கட்டணம் கட்டி, தராசின் வரிசை எண் எழுதிய சான்றிதழை வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். எடை குறையக் கூடாது என்பதற்கு அரசாங்கம் அவருக்குக் காகிதம் கொடுத்திருக்கிறது. அவருடைய சரக்கையே தூக்கிக்கொண்டு போனதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூடக் கிடையாது.

இந்த ஒன்றாம் தேதி உத்தரவு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று மாதம் முன்பு மழைநீர் வடிகால் வேலை முடிந்து புது நடைபாதை போட்ட கையோடு, சிக்னல் பக்கத்தில் 'விற்பனை தடை செய்யப்பட்ட பகுதி' என்று ஒரு போர்டு நட்டார்கள். அடுத்த நாளே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன்: இந்த அறிவிப்பு எந்தத் தீர்மானத்தின்படி, வியாபாரிகளும் சேர்ந்து உட்கார வேண்டிய நகர விற்பனைக் குழு எந்தக் கூட்டத்தில் இதைப் பேசியது, நகல் கொடுங்கள் என்று. 30 நாளுக்குள் வர வேண்டிய பதில் 41-வது நாள் வந்தது, ஒரே வரி: இப்பொருள் குறித்த ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை. போர்டு இருக்கிறது, அதற்குப் பின்னால் காகிதம் இல்லை. ஆனால் சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் முதல் அட்டவணை, வியாபாரிகள் கணக்கெடுப்பும் விற்பனைத் திட்டமும் முடியாமல் எந்த இடத்தையும் தடைப் பகுதி ஆக்கக் கூடாது என்கிறது. ஏற்கெனவே கூடி வளர்ந்த சந்தையைத் தடைப் பகுதியாக அறிவிக்கக் கூடாது என்கிறது. கூட்டமாக இருக்கிறது என்பது காரணம் ஆகாது. குப்பை என்பதும், அது முழுக்க வியாபாரிகளால் மட்டும் வருகிறது, நிர்வாகம் முயன்றும் சரிசெய்ய முடியவில்லை என்றால் ஒழிய, காரணம் ஆகாது. இதையெல்லாம் எழுதியவர்கள் எங்கள் மாதிரி தெருக்களை நேரில் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று படிக்கும்போது தோன்றியது.

கணக்கெடுப்பு நடந்ததே என்று நீங்கள் சொல்லலாம். நடந்தது. கையில் டேப் வைத்துக்கொண்டு இரண்டு பையன்கள் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரைக்கும் வந்து போட்டோ எடுத்தார்கள், கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள். சாயங்காலம் மட்டும் இட்லிக் கடை போடுகிற அக்கா அப்போது வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருப்பார். சுண்டல்காரர் ஐந்து மணிக்கு மேல்தான் வருவார். அம்மா அன்றைக்கு என் பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்தில் இருந்தார். பதினோரு பேரில் ஆறு பேருக்கு அடையாள அட்டை வந்தது, ஐந்து பேருக்கு இல்லை. விடுபட்டவர்கள் எங்கே போய்ச் சொல்வது என்று கேட்டு நாலு முறை நடந்திருக்கிறோம், அடுத்த கணக்கெடுப்பில் பார்க்கலாம் என்பதுதான் பதில். கணக்கெடுப்பு முடிந்து, அதில் வந்த எல்லாருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் எழுப்பக் கூடாது என்று 3-வது பிரிவு சொல்கிறது. அட்டை வாங்கிய ஆறு பேருக்கும்கூட, இந்த இடத்தில் இத்தனை மணி வரை விற்கலாம் என்று எழுதிய சான்றிதழ் இன்னும் வரவில்லை.

இன்னொன்று. 2020 ஜூனில், ஊரடங்கில் எல்லாம் விழுந்து கிடந்தபோது, மத்திய அரசு தெரு வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் தருகிற ஸ்வநிதி திட்டத்தைக் கொண்டுவந்தது. அட்டை இல்லாதவர்களுக்கு உள்ளாட்சி நிர்வாகம் சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் போதும் என்றார்கள். அம்மாவுக்கும் அந்தக் கடிதம் கிடைத்தது. இவர் இந்த இடத்தில் பழ வியாபாரம் செய்கிறார் என்று முத்திரையோடு எழுதியிருக்கிறது, நானே பத்து ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். கடனை ஒரு தவணை தவறாமல் கட்டினார், அப்புறம் 20,000 வாங்கினார், அதையும் கட்டிவிட்டார். வண்டியில் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினார். கடன் வாங்கும்போது வியாபாரியாக இருந்த அதே ஆள், அதே இடத்தில் நிற்கும்போது எப்படி ஆக்கிரமிப்பாளர் ஆனார் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கடிதத்தை உங்கள் மேஜையில் வைத்துத்தான் கேட்க விரும்புகிறேன்.

நடைபாதை நடக்கிறவர்களுக்குத்தான். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. எதிர் அபார்ட்மென்டில் ஒரு தாத்தா வாக்கர் வைத்து நடக்கிறார், வண்டி இருந்தால் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது என்று அவர் வந்து சொன்னபோது, அவர் சொன்னது நியாயம் என்று அம்மா அன்றைக்கே வண்டியை மதில் ஓரமாகத் தள்ளிப் போட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் தம்பியும் டேப் வைத்து முழுக்க அளந்தோம். புது நடைபாதையின் அகலம் 3.4 மீட்டர். அம்மாவின் வண்டி அகலம் 1 மீட்டர், முன்னால் ஆள் நிற்க இன்னும் அரை மீட்டர் வைத்தாலும் 1.9 மீட்டர் காலியாகக் கிடைக்கிறது. சாலைகளுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது. சரி, எங்கே இடம் இல்லை தெரியுமா? நடைபாதை மேல் ஏற்றி நிறுத்துகிற பைக்குகள், இரண்டு மின்சாரப் பில்லர் பாக்ஸ், ஒரு ஜவுளிக்கடையின் ஜெனரேட்டர், இன்னொரு கட்டடம் வெளியே நீட்டிக் கட்டிய மூன்று படி. ஜெனரேட்டர் இருக்கிற இடத்தில் 70 சென்டிமீட்டர்தான் மிச்சம். வாக்கர் வைத்திருக்கிற தாத்தா அங்கேதான் இன்றைக்கும் ரோட்டில் இறங்குகிறார். லாரி அந்த ஜெனரேட்டரைத் தூக்கியதை நாங்கள் பார்த்ததில்லை. அளந்ததையெல்லாம் ஒரு படமாக வரைந்து வைத்திருக்கிறேன், மனுவோடு இணைத்துத் தருகிறேன்.

மாற்று இடம் தருவோம் என்று ஊழியர் ஒருவர் வாய்க்குள் சொன்னார். எங்கே என்றதற்கு, உள்ளே எங்கேயாவது, பார்க்குக்குப் பின்னால் என்றார். பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளை 2013-ல் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். வெயிலும் மழையும் போனது உண்மை. ஆனால் நடந்துபோகிற போக்கில் வாங்குகிற ஜனம் மாடி ஏறி வராது என்பதை அங்கே போனவர்கள் எத்தனையோ முறை சொன்னார்கள். பழம் வாங்குகிறவர் யாரும் பழம் வாங்கவென்று வீட்டிலிருந்து கிளம்புவதில்லை, பஸ் வருவதற்குள் வாங்குகிறார். பஸ் நிறுத்தத்தை எடுத்துவிட்டு அம்மாவுக்கு ஏசி ரூமே கொடுத்தாலும் வியாபாரம் நடக்காது. நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் 2023 ஏப்ரலில் மீன் கடைகளை அகற்றப் போய், மீனவப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. புது மீன் மார்க்கெட் திறந்தது 2024-ல்தான். முதலில் கட்டி, அப்புறம் மாற்றியிருந்தால் அந்தப் போராட்டத்துக்குத் தேவையே வந்திருக்காது. இதே நகரம், பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய நம் ஜனங்களுக்குக் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே சாலையோரமாகக் கடை போட இடம் கொடுத்து, அது பர்மா பஜார் ஆனது. இடம் கொடுக்கத் தெரியாத ஊர் இல்லை இது.

சட்டம் ஒரு நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் பார்க்கச் சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பழைய எல்லைக்குள் இருந்த சென்னையில் மட்டும் 46 லட்சம் பேர். அதில் 2.5 சதவீதம் என்றால் ஒரு லட்சத்து 15 ஆயிரம் பேருக்கு மேல். எங்கள் தெருவில் இருப்பது பதினோரு பேர்.

இனி நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், மற்ற தெருக்களில் இருக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள். பதினோரு பேரும் தினம் காலையில் கடை போட்டதும் தேதி தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ எடுக்கிறோம். கோயம்பேட்டுச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்க்கிறோம். லாரி வந்தால் ஓடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒருவர் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார், ஒருவர் வீடியோ எடுப்பார், பொருளுக்கு உரியவர் பட்டியல் கேட்பார், யாரும் குரலை உயர்த்தக் கூடாது. பட்டியல் கொடுக்க மறுத்தால் நாங்களே பட்டியல் எழுதி, அன்றைக்கே பதிவுத் தபாலில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவோம். சட்ட உதவி மையத்தில் விசாரித்துவிட்டோம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். எங்களில் ஏழு பேர் பெண்கள். தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சாசனம் தந்த தொழில் உரிமைக்குள் வரும், அதை ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. நாங்களும் ஒழுங்குபடுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம். எத்தனை மணிக்கு, எத்தனை அடிக்குள், குப்பையை எங்கே போடுவது, கோடு போட்டுக் காட்டுங்கள். அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை. ஒன்றாம் தேதி என்று வாயால் சொன்ன உத்தரவை நிறுத்தி வையுங்கள், நிறுத்தியதை எழுத்தில் தாருங்கள். விற்பனைத் தடைப் போர்டுக்கு அடிப்படையான தீர்மானம் இருந்தால் நகல் கொடுங்கள், இல்லாவிட்டால் போர்டை எடுத்துவிடுங்கள். விடுபட்ட ஐந்து பேரையும் கணக்கில் சேருங்கள், அதற்குக் காலையில் ஒரு முறையும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு முறையும் ஆள் அனுப்புங்கள். எங்கள் பதினோரு பேருக்கும் இடமும் நேரமும் குறித்த விற்பனைச் சான்றிதழ் தாருங்கள். எங்களை மாற்றியே ஆக வேண்டும் என்றால் நகர விற்பனைக் குழுவில் வைத்துப் பேசுங்கள். அந்தக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் கூட்டத்தில் எங்களையும் கேட்ட பிறகு, 30 நாள் நோட்டீஸோடு, ஜனம் நடக்கிற இடத்தில் மாற்று இடம் காட்டிவிட்டு மாற்றுங்கள். வியாபாரிகளின் புகாரைக் கேட்க, நீதிபதியாக இருந்தவர் தலைமையில் ஒரு குழு வேண்டும் என்று 20-வது பிரிவு சொல்கிறது. எங்கள் பகுதிக்கு அது எங்கே உட்காருகிறது, யாரிடம் மனு கொடுப்பது என்று அலுவலக வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். இனிமேல் பொருளை எடுக்க வருகிற ஒவ்வொரு லாரியிலும் பட்டியல் எழுதுகிற புத்தகம் இருக்கட்டும், அதில் ஒரு நகல் எங்களுக்கு.

அப்புறம் அந்தத் தராசு. அதன் வரிசை எண் சான்றிதழில் இருக்கிறது, தட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. தேடிப் பார்த்துக் கொடுங்கள், கிடைக்காவிட்டால் 2,800 ரூபாயைத் தாருங்கள்.

வரும் திங்கள்கிழமை காலை 11 மணிக்கு, இவை எல்லாவற்றையும் மனுவாக எழுதி, பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரதியாக உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறோம். ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, இன்னொன்றில் தேதியும் முத்திரையும் போட்டு என் அம்மா கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பேருந்து நிறுத்தத்துப் பழ வண்டிக்காரரின் மகள்